புராஸ்டேட் புற்றைத் தேடும் கதிர்கள்: எது எங்கே பார்க்கும்?

புராஸ்டேட் சுரப்பியை அறுவை சிகிச்சையில் முழுவதுமாக அகற்றிவிட்ட ஒருவரின் ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற புரதம் அநேகமாக இல்லாமலே போய்விட வேண்டும். அதைச் சுரப்பவை புராஸ்டேட் செல்கள். சுரப்பியே போன பிறகு அது எங்கிருந்து வரும்? ஆனாலும் சிலருக்கு வருகிறது. இரண்டு மூன்று ஆண்டுகள் நிம்மதியாகக் கழிந்த பிறகு ஒரு ரத்தப் பரிசோதனையில் மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராம் என்று காட்டும். அடுத்த பரிசோதனையில் 0.3. வலி இல்லை, பசி குறையவில்லை, எடை இறங்கவில்லை. இருந்தும் உடம்பில் எங்கோ சில புராஸ்டேட் செல்கள் உயிரோடு இருக்கின்றன, பெருகிக்கொண்டும் இருக்கின்றன என்பதற்கு அந்த எண் சாட்சி.

எங்கே என்பதுதான் கேள்வி. சுரப்பி இருந்த குழியிலேயே மிச்சம் இருந்தால் அங்கே கதிர்வீச்சு கொடுத்து நோயை வேரோடு தீர்த்துவிடும் வாய்ப்பு உண்டு. இடுப்பு நிணநீர்க் கணுவில் இருந்தால் கதிர்வீச்சின் எல்லையை விரிக்க வேண்டும். தொலைவில் ஏதோ ஓர் எலும்பில் இருந்தால் திட்டமே வேறு. இதில் தாமதிக்கவும் முடியாது. பி.எஸ்.ஏ. 0.5-ஐத் தாண்டுவதற்குள் கதிர்வீச்சு தொடங்கினால்தான் பலன் நன்றாக இருக்கும் என்பது பல ஆண்டு அனுபவம். ஆகவே மிகச் சிறிய நோயை, அது சிறியதாக இருக்கும்போதே படம் பிடித்தாக வேண்டும். புராஸ்டேட் புற்றுக்கான கதிரியக்க மருந்துகளின் முப்பது ஆண்டு வரலாறு முழுக்க இந்த ஒரு நெருக்கடியைச் சுற்றியே நடந்திருக்கிறது.

ஸ்கேன் மையங்களில் இந்த மருந்துகளை ‘டிரேசர்’ என்பார்கள். ஒவ்வொரு டிரேசருக்கும் இரண்டு பாதி. ஒரு பாதி நோயைத் தேடிப் போகும் மூலக்கூறு. மறுபாதி, போன இடத்திலிருந்து கதிரை வெளிவிட்டுத் தன் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும் அணு. ஒரு டிரேசரின் குணம் இந்த இரண்டு பாதிகளையும் பொறுத்தது. இவற்றோடு மூன்றாவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும்: வேலை முடிந்ததும் அது எந்த வழியாக உடம்பை விட்டு வெளியேறுகிறது? சாதாரணமாகத் தெரியும் இந்தக் கேள்விதான் பல இடங்களில் தீர்ப்பையே மாற்றுகிறது.

பழைய காலத்துக் கருவி எலும்பு ஸ்கேன். டெக்னீசியம்-99எம் ஏற்றிய பாஸ்பேட் சேர்மத்தை ஊசியில் போட்டு, மூன்று மணி நேரம் காக்க வைத்துப் படம் எடுப்பார்கள். இன்றும் நம் ஊர்களில் மிகுதியாக நடப்பது இதுதான். ஆனால் அது பார்ப்பது புற்றுநோயை அல்ல; புற்று வந்து உட்கார்ந்ததால் எலும்பு பதறிப்போய்ப் புதிதாகக் கட்டும் சுவரை. மூட்டுத் தேய்மானமும் பழைய முறிவும் அதே மாதிரி ஒளிரும். சிகிச்சை நன்றாகப் பலித்து எலும்பு ஆறத் தொடங்கும்போதுகூட முன்னைவிடப் பிரகாசமாகத் தெரிந்து, நோய் முற்றிவிட்டதோ என்று கதிகலங்க வைக்கும். பி.எஸ்.ஏ. 0.3 உள்ள ஒருவருக்கு இதை எடுத்தால் அநேகமாக ஒன்றும் தெரியாது.

மற்றப் புற்றுநோய்களில் கொடிகட்டிப் பறக்கும் எஃப்.டி.ஜி. என்ற சர்க்கரை டிரேசரும் இங்கே தடுமாறியது. நுரையீரல் புற்றும் லிம்போமாவும் சர்க்கரையை வாரி விழுங்கும். புராஸ்டேட் புற்று ஆரம்பக் கட்டத்தில் மெதுவாக வளர்வது, சர்க்கரைக்கு அவ்வளவாக ஆசைப்படாதது. போதாக்குறைக்கு எஃப்.டி.ஜி. சிறுநீரில் வெளியேறுவதால் சிறுநீர்ப்பை நெருப்புக் குண்டம் போல் ஒளிர்ந்து, பக்கத்தில் இருப்பதையெல்லாம் மறைத்துவிடும். புராஸ்டேட்டுக்கு எஃப்.டி.ஜி. பயன்படாது என்று பாடப் புத்தகம் எழுதி மூடியது. அந்தத் தீர்ப்பு பாதிதான் சரி என்று பின்னால் தெரிந்தது.

அடுத்து வந்தது கோலின். செல் பிரியும்போது புதுச் சவ்வு கட்டக் கோலின் தேவை. அதில் கார்பன்-11 அணுவைப் பொருத்தினார்கள். 2012 செப்டம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மேயோ கிளினிக்குக்கு இதற்கான அனுமதியைத் தந்தது. கார்பன்-11-இன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் நேரம், 20 நிமிடம். அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கி இருக்கும் கட்டடத்துக்குள்ளேயே நோயாளியும் படுத்திருக்க வேண்டும். 2016-இல் வந்த ஃபுளூசிக்ளோவின் இன்னும் வசதியானது. எமரி பல்கலைக்கழகத்தில் உருவான செயற்கை அமினோ அமிலம் அது, ஃபுளோரின்-18 தாங்கியது. ஊசி போட்ட மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் படம் எடுக்கத் தொடங்கிவிடலாம். சிறுநீர்ப்பைக்கு மெதுவாகவே போய்ச் சேரும் என்பதால் இடுப்புக்குழி தெளிவாகத் தெரியும். நல்ல மருந்துதான். ஆனால் அதற்குள் பி.எஸ்.எம்.ஏ. வந்துவிட்டது.

பி.எஸ்.எம்.ஏ. என்பது புராஸ்டேட் செல்லின் மேற்பரப்பில் முளைத்து நிற்கும் ஒரு நொதி. 1987-இல் ஓர் எதிரணு (ஆன்டிபாடி) அதை அடையாளம் காட்டியது. 1993-இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். பெயரில் ‘புராஸ்டேட்டுக்கே உரியது’ என்று இருந்தாலும் உண்மையில் அப்படி இல்லை. உமிழ்நீர்ச் சுரப்பி, கண்ணீர்ச் சுரப்பி, சிறுநீரகம், சிறுகுடல் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆனால் புராஸ்டேட் புற்றில் பன்மடங்கு அதிகமாக இருக்கிறது. நோய் மூர்க்கமாக ஆக ஆகப் பெரும்பாலும் கூடுகிறது. குறிவைக்க இதைவிட நல்ல இலக்கு கிடைக்காது.

கிடைத்த இலக்கை முதல் முயற்சியில் தவறவிட்ட கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1996-இல் புரோஸ்டாசிண்ட் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 1987-இல் கண்டுபிடித்த அதே எதிரணுவில் இண்டியம்-111 பொருத்திய மருந்து. அந்த எதிரணு போய்ப் பற்றிக்கொள்வது பி.எஸ்.எம்.ஏ.வின் உட்பக்கத் துண்டை. அதாவது செல்லுக்குள் இருக்கும் முனையை. உயிருள்ள செல்லின் சவ்வைத் தாண்டி அவ்வளவு பெரிய எதிரணு உள்ளே நுழைய முடியாது. செத்துக்கொண்டிருக்கும், சவ்வு கிழிந்த செல்களில்தான் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்குள் இருக்கும் தாழ்ப்பாளைத் தெருவில் நின்றபடி தொட முயன்ற கதைதான். ஊசி போட்டு நான்கைந்து நாள் காத்திருந்து எடுத்த படமும் மங்கலாகவே இருந்தது. இலக்கு சரி, அம்பு சரியில்லை என்று பலருக்கும் அப்போது புரியவில்லை. அந்த இலக்கின் மீதே நம்பிக்கை குறைந்து பல ஆண்டுகள் வீணாயின என்றுதான் எனக்குப் படுகிறது.

சரியான அம்பு எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. மூளையில் குளுட்டமேட் வெளிப்படுவதைக் குறைக்க முடியுமா என்று பார்த்த வேதியியலாளர்கள், அங்கே வேலை செய்யும் ஒரு நொதியை முடக்கும் சிறிய யூரியா மூலக்கூறுகளைச் செய்திருந்தார்கள். அந்த நொதியும் பி.எஸ்.எம்.ஏ.வும் ஒன்றே. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மார்ட்டின் பாம்பர் குழு இந்த யூரியா மூலக்கூறுகளைக் கதிரியக்க மருந்துகளாக மாற்றியது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் காலியம்-68 பொருத்திய பி.எஸ்.எம்.ஏ.-11 உருவாகி, 2011-இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செலுத்தப்பட்டது. சிறிய மூலக்கூறு என்பதால் ஒரு மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து நீங்கி, புற்று இருக்கும் இடத்தில் தங்கிவிடுகிறது. சில ஆண்டுகளில் உலகம் முழுக்கப் பரவியது. 2020 டிசம்பரில் அமெரிக்க அனுமதி கிடைத்தபோது அதற்கு விண்ணப்பித்தவை மருந்து நிறுவனங்கள் அல்ல, லாஸ் ஏஞ்சல்ஸிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகங்கள்.

அந்தப் படத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் வரைந்த ஆள் போல இருக்கும். கண்களுக்கு மேலே இரண்டு சின்னப் புள்ளிகள், கண்ணீர்ச் சுரப்பிகள். காதோரமும் தாடைக்குக் கீழும் உமிழ்நீர்ச் சுரப்பிகள் கன்னங்கரேலென்று. நடுவயிற்றின் இருபுறமும் மை கொட்டியது போல இரண்டு சிறுநீரகங்கள், குடலின் முதல் வளைவு, கீழே சிறுநீர்ப்பை. இவற்றுக்கு நடுவே, இருக்கக் கூடாத இடத்தில் ஒரே ஒரு மிளகுப் புள்ளி. ஐந்து மில்லிமீட்டர் நிணநீர்க் கணுவாக இருக்கும். சாதாரண சிடி ஸ்கேனில் அந்த அளவை ‘இயல்பானது’ என்று தாண்டிப் போயிருப்பார்கள்.

ஃபுளூசிக்ளோவின், பி.எஸ்.எம்.ஏ. இரண்டையும் ஒரே ஆளிடம் சோதித்தால்தான் ஒப்பீடு நேர்மையானது. லாஸ் ஏஞ்சல்ஸில் அதைச் செய்தார்கள். அறுவைக்குப் பின் பி.எஸ்.ஏ. 0.2 முதல் 2.0 வரை ஏறியிருந்த 50 பேருக்கு ஃபுளூசிக்ளோவின் ஸ்கேனும் காலியம் பி.எஸ்.எம்.ஏ. ஸ்கேனும் எடுத்தார்கள். 2019-இல் வெளியான முடிவின்படி ஃபுளூசிக்ளோவின் 26 சதவீதம் பேரிடமும் பி.எஸ்.எம்.ஏ. 56 சதவீதம் பேரிடமும் நோயைக் காட்டியது. மறு ஆண்டு ஆஸ்திரேலியாவின் புரோ-பி.எஸ்.எம்.ஏ. ஆய்வு வந்தது. முதல் சிகிச்சைக்கு முன், ஆபத்து அதிகமுள்ள 302 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்குப் பழைய முறையில் சிடியும் எலும்பு ஸ்கேனும், மறுபாதிக்கு பி.எஸ்.எம்.ஏ. பெட் (பாசிட்ரான் உமிழ்வு) ஸ்கேனும் எடுத்தார்கள். துல்லியம் 65-க்கு எதிராக 92 சதவீதம். கதிர்வீச்சு அளவும் 19.2 மில்லிசீவர்ட்டுக்குப் பதில் 8.4 தான். பழைய முறைகளோடு நடந்த வழக்கு அத்தோடு முடிந்தது என்றே சொல்லலாம்.

ஆனால் பி.எஸ்.எம்.ஏ. குடும்பத்துக்குள்ளேயே பங்காளிகள் பலர். அவர்களுக்குள் யார் மேல் என்பதில்தான் இன்று சிக்கல்.

முதல் வேறுபாடு அணுவில். காலியம்-68 ஒரு ஜெனரேட்டரிலிருந்து வருகிறது. ஈயக் கவசத்துக்குள் இருக்கும் சின்னக் குழாய் அது. உள்ளே ஜெர்மானியம்-68 சிதைந்து சிதைந்து காலியமாகிக்கொண்டே இருக்கும். காலையில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு முனையில் செலுத்தினால் மறுமுனையில் காலியம் இறங்கும். துறையில் இதைக் ‘கறப்பது’ என்பார்கள். கறந்ததை மூலக்கூறோடு சேர்த்து, சூடாக்கி, வடிகட்டி, தரம் பார்த்து ஊசிக்குள் ஏற்றுவதற்குள் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். காலியத்தின் அரை ஆயுள் 68 நிமிடம். ஒரு கறவையில் இரண்டு மூன்று நோயாளிகள், அவ்வளவுதான். ஆனால் ஜெர்மானியத்தின் அரை ஆயுள் 271 நாள். ஒருமுறை வாங்கிவைத்தால் ஓர் ஆண்டுக் காலம் மருத்துவமனைக்குள்ளேயே மருந்து.

ஃபுளோரின்-18-க்கு சைக்ளோட்ரான் வேண்டும். அரை ஆயுள் 110 நிமிடம். ஒரே தயாரிப்பில் பல நோயாளிகளுக்கு ஆகும், பக்கத்து ஊர்களுக்கும் அனுப்பலாம். அது வெளிவிடும் பாசிட்ரான் என்ற துகளுக்கு வேகமும் குறைவு: அதிகபட்ச ஆற்றல் 0.63 மெகா எலக்ட்ரான் வோல்ட், காலியத்துக்கு 1.9. ஆற்றல் குறைந்த பாசிட்ரான் பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே அடங்கிவிடுவதால் படம் கூர்மையாக வரும்.

நம் ஊர்க் கணக்கில் போட்டுப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். சென்னையிலிருந்து மதுரைக்குச் சாலை வழியில் எட்டு மணி நேரம் என்று வைப்போம். காலியம் கிளம்பினால் ஏழு அரை ஆயுள்கள் கழிந்து நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ஃபுளோரின் சுமார் ஐந்து சதவீதம் போய்ச் சேரும். ஆறு மணி நேர அரை ஆயுள் கொண்ட டெக்னீசியம்-99எம் நாற்பது சதவீதம் மிஞ்சியிருக்கும். எந்த டிரேசர் சிறந்தது என்ற விவாதத்தில் இந்தச் சாலைக் கணக்கைச் சேர்க்காமல் பேசுவது நோயாளிகள் எல்லோரும் பெருநகரத்திலேயே வசிக்கிறார்கள் என்று எண்ணிப் பேசுவதாகும்.

இரண்டாவது வேறுபாடு, நான் முதலில் சொன்ன வெளியேறும் வழி. காலியம் பி.எஸ்.எம்.ஏ.-11-உம், 2021-இல் அமெரிக்காவில் பைலாரிஃபை என்ற பெயரில் வந்த ஃபுளோரின் டிரேசரும் சிறுநீர் வழியே போகின்றன. சிறுநீர்ப்பை நிறைந்து ஒளிரும்போது, அதன் கழுத்தை ஒட்டி, தையல் போட்ட இடத்தில் இருக்கும் சின்ன மிச்சத்தைப் பார்ப்பது கடினம். சுரப்பி இருந்த குழியில் நோய் திரும்பும்போது பெரும்பாலும் திரும்புவது அந்த இடத்திலேதான். சிறுநீர் பெருக்கி மருந்து கொடுத்து, கழிப்பறைக்கு அனுப்பி, உடனே படுக்க வைத்துப் படம் எடுப்பதெல்லாம் இதைச் சமாளிக்கத்தான். ஹைடல்பெர்க்கிலேயே உருவான ஃபுளோரின் பி.எஸ்.எம்.ஏ.-1007 வேறு வழியில் போகிறது: ஈரல், பித்தப்பை, குடல். சிறுநீர்ப்பை ஏறக்குறைய வெறுமையாகத் தெரிகிறது.

அப்படியென்றால் 1007-தான் வெற்றியாளரா? இங்கேதான் விலா எலும்பு குறுக்கே வருகிறது. 1007 செலுத்தியவர்களின் விலா எலும்புகளிலும் இடுப்பெலும்பிலும் காரணம் புரியாத மங்கலான புள்ளிகள் அடிக்கடி தெரிகின்றன. சிடியில் அந்த இடத்தில் ஒன்றும் இருக்காது. மியூனிக்கில் 102 பேர், 102 பேராக ஒத்த நோயாளிகளைப் பொருத்தி ஒப்பிட்டபோது, புற்றுநோய் அல்லாத காரணத்தால் ஒளிர்ந்த இடங்கள் காலியம் படங்களில் 52, 1007 படங்களில் 245. ஏறக்குறைய ஐந்து மடங்கு. பயிற்சியுள்ள மருத்துவர் இவற்றைத் தள்ளிவிடுவார். புதியவர் ‘விலா எலும்பில் பரவல்’ என்று எழுதிவிட்டால், கதிர்வீச்சில் குணமாகியிருக்கக்கூடிய ஒருவர் நான்காம் கட்ட நோயாளியாகி ஆயுள் முழுக்க ஹார்மோன் ஊசிக்குப் போய்விடுவார். தவறவிட்ட புள்ளியைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். இல்லாத புள்ளியைக் கண்டுவிடும் கொடுமையைப் பற்றிப் போதிய அளவு பேசுவதில்லை.

எந்த பி.எஸ்.எம்.ஏ. டிரேசரும் இதற்கு விலக்கல்ல. வயிற்றின் பின்சுவரில் இருக்கும் நரம்பு முடிச்சுகள் நிணநீர்க் கணு போலவே தோன்றி ஏமாற்றும். ஆறிவரும் முறிவு, பேஜெட் நோய், சார்காய்டோசிஸ், காசநோய்க் கட்டி, சிறுநீரகப் புற்றின் ரத்தக்குழாய் எல்லாம் ஒளிரும். காசநோய் இவ்வளவு பரவலாக இருக்கும் நம் நாட்டில், மார்புக்கூட்டில் ஒளிரும் ஒரு கணுவைப் பார்த்ததும் பரவல் என்று முடிவுகட்ட அவசரப்படக் கூடாது.

ஆய்வுக் கட்டுரைகள் ‘கண்டறியும் விகிதம்’ என்ற ஒரே எண்ணை வைத்து டிரேசர்களை வரிசைப்படுத்துவது எனக்கு உறுத்துவதற்குக் காரணமும் இதுதான். நூறு பேரில் எத்தனை பேரிடம் ஏதேனும் ஒளிர்ந்தது என்பதை மட்டும் அந்த விகிதம் சொல்லும். ஒளிர்ந்தது புற்றுநோய்தானா என்று சொல்லாது. அதிகமாக ஒளிரும் டிரேசர், பொய்யாக ஒளிர்ந்தாலும், பட்டியலில் மேலே ஏறிவிடும். அதோடு, அந்த எண் டிரேசரைவிட நோயாளிகளின் பி.எஸ்.ஏ.வையே அதிகம் சார்ந்தது. 635 பேரை வைத்து நடந்த அமெரிக்க ஆய்வில் ஒரே காலியம் பி.எஸ்.எம்.ஏ.-11, பி.எஸ்.ஏ. 0.5-க்குக் கீழே இருந்தவர்களில் 38 சதவீதத்தினரிடமும், 5-க்கு மேல் இருந்தவர்களில் 97 சதவீதத்தினரிடமும் நோயைக் காட்டியது. ஒரு மருத்துவமனையின் 80 சதவீதத்தையும் இன்னொன்றின் 60 சதவீதத்தையும் பக்கத்தில் வைத்து முதல் டிரேசர்தான் உசத்தி என்று சொன்னால், நோயாளிகளைத்தான் ஒப்பிட்டோமே தவிர மருந்துகளை அல்ல.

ஸ்கேன் சொன்னதை அறுவைக் கத்தி சரிபார்த்த ஆய்வுகள் குறைவு. செய்தவற்றில் கலிபோர்னிய ஆய்வு ஒன்று: 277 பேருக்கு ஸ்கேன் எடுத்து, பிறகு நிணநீர்க் கணுக்களை அகற்றி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். கணுவில் உண்மையில் நோய் இல்லாதவர்களை, இல்லை என்று ஸ்கேன் அநேகமாகப் பிசகாமல் சொன்னது. குறிப்புத்தன்மை 95 சதவீதம். ஆனால் கணுவில் நோய் இருந்தவர்களில் 40 சதவீதம் பேரைத்தான் பிடித்தது. பைலாரிஃபைக்கான பெரிய ஆய்விலும் இதே 40-தான். ஒரு சில மில்லிமீட்டருக்குக் கீழே உள்ள புற்றுச் செல் கூட்டத்தை இன்றைய எந்தக் கேமராவும் பார்க்காது. ஆகவே பி.எஸ்.ஏ. 0.3 உள்ளவருக்கு ஸ்கேன் சுத்தமாக வந்தால், நோய் இல்லை என்று பொருள் கொண்டு கதிர்வீச்சைத் தள்ளிப்போடக் கூடாது என்று ஐரோப்பிய வழிகாட்டுதல் வெளிப்படையாகவே சொல்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. நோயைப் பார்ப்பது வேறு, பார்த்ததால் நோயாளிக்கு நன்மை வருவது வேறு. அறுவைக்குப் பிந்தைய கதிர்வீச்சை ஸ்கேனைப் பார்த்து வழிநடத்தினால் பலன் கூடுகிறதா என்று குலுக்கல் முறையில் சோதித்த எம்பயர்-1 ஆய்வு 2021-இல் வந்தது. 165 பேர். மூன்றாண்டு முடிவில் நோய் மீளாதவர்கள் பழைய முறையில் 63 சதவீதம், ஸ்கேன் வழிநடத்திய குழுவில் 75.5 சதவீதம். அதில் பயன்படுத்திய டிரேசர் பி.எஸ்.எம்.ஏ. அல்ல, 26-க்கு 56 என்று தோற்றுப்போன அதே ஃபுளூசிக்ளோவின். பந்தயத்தில் பின்தங்கிய மருந்து சிகிச்சைப் பலனை முதலில் நிரூபித்துக் காட்டிவிட்டது.

ஓரம்கட்டிய எஃப்.டி.ஜி.யும் திரும்பி வந்திருக்கிறது. பி.எஸ்.எம்.ஏ.வைத் தேடும் மூலக்கூறில் லுட்டீசியம்-177 பொருத்தினால் படத்துக்குப் பதில் சிகிச்சை. 831 பேர் கலந்துகொண்ட விஷன் ஆய்வில், நோய் முற்றியவர்களின் இடைநிலை (மீடியன்) ஆயுள் 11.3 மாதத்திலிருந்து 15.3 ஆனது. இந்த லுட்டீசியம் நம் டிராம்பேயின் துருவா அணு உலையிலும் தயாராகிறது. சிகிச்சைக்குத் தகுதி பார்க்க பி.எஸ்.எம்.ஏ. ஸ்கேன் மட்டும் போதுமா என்றால் ஆஸ்திரேலியாவின் தெரப் ஆய்வுக் குழு போதாது என்றது. முற்றிய நோயில் சில கட்டிகள் பி.எஸ்.எம்.ஏ.வை உதிர்த்துவிட்டுச் சர்க்கரைப் பசிக்கு மாறுகின்றன. அவற்றை பி.எஸ்.எம்.ஏ. படம் காட்டாது, லுட்டீசியமும் தேடிப் போகாது, எஃப்.டி.ஜி. மட்டுமே பிடிக்கும். அவர்கள் 291 பேருக்கு இரண்டு ஸ்கேனும் எடுத்து 200 பேரைத் தேர்ந்தார்கள். லுட்டீசியம் சிகிச்சை பெற்றவர்களில் 66 சதவீதம் பேருக்குப் பி.எஸ்.ஏ. பாதிக்கு மேல் இறங்கியது. ஒப்பிட்ட கீமோ மருந்தில் 37 சதவீதம்.

பெட் கேமராவே இல்லாத ஊர்களுக்கு டெக்னீசியம் ஏற்றிய பி.எஸ்.எம்.ஏ. இருக்கிறது. எலும்பு ஸ்கேன் எடுக்கும் அதே காமா கேமரா போதும். பி.எஸ்.ஏ. மிகக் குறைவாக இருக்கும்போது இதன் மங்கலான கண் தவறவிடும். 10, 20 என்று ஏறிய பின், எலும்பிலும் கணுவிலும் நோய் எங்கே என்று அறிய எலும்பு ஸ்கேனைவிட நேரடியாக விடை தரும். மாவட்டத் தலைநகர்களுக்கு முதலில் இதைக் கொண்டுபோகலாம் என்பது என் எண்ணம்.

ஸ்கேனுக்குப் போகிறவர்களுக்கும் கூட்டிப்போகும் பிள்ளைகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ரிப்போர்ட்டின் மேற்பகுதியில், ஊசியில் போட்ட மருந்தின் பெயர் இருக்கும்: காலியமா, பைலாரிஃபையா, 1007-ஆ என்று. ஆறு மாதம் கழித்து வேறொரு மையத்தில் வேறு டிரேசர் போட்டு எடுத்தால், முன்பு இல்லாத விலா எலும்புப் புள்ளி ஒன்று ‘புதிதாக’த் தோன்றலாம், அது நோய் வளர்ந்ததாலா, மருந்து மாறியதாலா என்று படிக்கும் மருத்துவருக்குத் தெரிய வேண்டும். பழைய ரிப்போர்ட்டோடு பழைய படங்கள் உள்ள குறுந்தகட்டையும், அன்றைய பி.எஸ்.ஏ. எவ்வளவு என்ற சீட்டையும் ஒரே உறையில் போட்டுக் கொண்டுபோய், படம் எடுப்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.